அம்மா விட்டுப்போன குண்டான்

பருப்பு குழைந்து, சிவப்பு மாறி மஞ்சளாகி, ஷிப்ரா உப்புப் பார்க்கக் கரண்டியை வாயருகே கொண்டுபோனபோதுதான் அந்த நினைப்பு வந்தது. ஜெபஆலயத்துச் சனிக்கிழமை பந்தி பால் பந்தி. பருப்பு கொதித்துக்கொண்டிருப்பதோ கறிக் குண்டானில்.

கரண்டி அப்படியே நின்றது.

யூத வீட்டில் பிறந்த ஐந்து வயதுக் குழந்தைகூட இந்தத் தப்பைச் செய்யாது. பாலுக்கு ஒரு பாத்திரம், கறிக்கு ஒரு பாத்திரம், இரண்டும் கலக்கவே கூடாது. கறிக் குண்டானில் வெந்ததைப் பாலாடைக்கட்டிப் பலகாரத்தோடு சேர்த்துப் பரிமாற முடியுமா?

ஆனால் ஷிப்ராவின் மனசு அடுப்பில் இல்லை. எங்கள் மெல்பன் ஜெபஆலயத்தில் வாரம் ஒருவர் அந்த வாரத்துத் தோரா வேதப் பகுதியைப் பற்றி ஐந்து நிமிஷம் பேச வேண்டும். பேசுகிறவர் கதைக்குப் பொருத்தமாக ஏதாவது சமைத்தும் வர வேண்டும். இந்த வாரம் யாக்கோபும் ஏசாவும். பசித்து வந்த அண்ணனுக்கு ஒரு கிண்ணம் பருப்புக் கூழைக் கொடுத்து, மூத்தவன் உரிமையையே தம்பி வாங்கிக்கொண்ட கதை. அது ஷிப்ராவின் முறை என்று தெரிந்ததும் நாங்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

காரணம் அந்தக் குண்டான்தான். அம்மா இறந்து ஏழு நாள் துக்கம் முடிந்த மறுநாளே ஷிப்ரா அதைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அது பாட்டி போலந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்தது, மூத்தவளுக்குத்தான் சேரும் என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள் என்பது அக்கா பெனினாவின் கட்சி. இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. ஒரே கூடத்தில் ஒருத்தி முதல் வரிசை, ஒருத்தி கடைசி வரிசை.

ஷிப்ரா ஒரு திட்டம் வைத்திருந்தாள். அக்கா எதிரில் எழுந்து நின்று தன் தப்பை ஒத்துக்கொள்வது, பிறகு கூழோடு குண்டானையே அவள் கையில் ஒப்படைத்துவிடுவது. ஐந்து நிமிஷப் பேச்சை ஒன்பது தடவை எழுதிக் கிழித்தாயிற்று.

வியாழக்கிழமை காலை அது. பந்தி விசாரிப்பு ஜாய்ஸுடையது. அவளுக்குப் போன் போட்டு, இந்த ஒரு வாரம் கறிப் பந்தியாக மாற்றிவிட முடியுமா என்று ஷிப்ரா மெதுவாகக் கேட்டாள். ஜாய்ஸ் அடுத்த நிமிஷம் பெனினாவைக் கூப்பிட்டாள். பெனினா அப்போது பாலாடைக்கட்டியை வைத்து எண்பது பலகாரம் சுருட்டி முடித்திருந்தாள். அவள் சொன்ன பதிலை ஜாய்ஸ் ஒரு சொல் குறையாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தாள்.

"குண்டானை எடுத்தா. இப்ப பந்தியையும் எடுக்கப் பாக்குறாளா? நாளைக்கு என் வீட்டுச் சாவியைக் கேப்பா."

ஐயோ, பால் பந்தியே இருக்கட்டும், நான் வேறு பாத்திரத்தில் புதிதாகச் செய்துவிடுகிறேன் என்று ஷிப்ரா மன்றாடினாள். அடுப்பில் இருப்பது இனி நமக்குத்தான், பசித்தால் சாப்பிடு என்று கணவன் நேத்தனிடம் சொல்லிவிட்டுப் பருப்பு வாங்க ஓடினாள்.

நேத்தன் சொன்ன பேச்சைக் கேட்கிற மனுஷன். அதுதான் வினை. திரும்பி வந்து பார்த்தால், கூழ் சப்பென்று இருந்ததாம், ஒரு டப்பா பாலேட்டைக் குண்டானிலேயே கொட்டிக் கலக்கிவிட்டான்.

"நீதானே போன்ல பால் பால்னு சொல்லிட்டிருந்தே," என்றான், பாவம்.

ஷிப்ரா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இதுவரை பருப்புதான் கெட்டிருந்தது. இப்போது குண்டானே கெட்டுப்போனது. கெட்ட குண்டானை அக்காவிடம் நீட்டுவதைவிட நீட்டாமலே இருக்கலாம்.

ஜெபஆலயத்து மதகுரு ரபி போனில் பொறுமையாகக் கேட்டார். பருப்பைக் கொட்டிவிடு, ஒரு முழு நாள் குண்டானைத் தொடாதே, பிறகு விளிம்பு வரை தண்ணீர் கொதிக்கவைத்து, பழுக்கக் காய்ந்த கல்லைப் போடு, தண்ணீர் பொங்கி வழிய வேண்டும் என்றார். "அதுவரைக்கும் அது பாலும் இல்ல, கறியும் இல்லம்மா. வெறும் இரும்பு."

வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டு அடுப்பில் ஏற்றினாள். தண்ணீர் தளும்பி அடுப்பை அணைத்தது. மறுபடி பற்றவைத்தாள், மறுபடி அணைத்தது. அந்தக் குண்டானுக்கு ஏற்ற அடுப்பு ஜெபஆலயத்துச் சமையலறையில்தான் இருக்கிறது. அங்கேதான் இன்றைக்குப் பெனினா பலகாரம் வாட்டிக்கொண்டிருப்பாள்.

வாட்டிக்கொண்டுதான் இருந்தாள். நேத்தன் குண்டானை ஏற்றி வைத்துவிட்டுக் காரிலேயே காத்திருப்பதாகச் சொல்லி நழுவினான். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் கொதித்தது. ஷிப்ரா பக்கத்து அடுப்பில் பழுத்த கல்லை இடுக்கியால் எடுத்தாள். கல் இடுக்கியில் வழுக்கியது.

"தள்ளுடி, சுட்டுக்கப் போறே." பெனினா இடுக்கியைப் பிடுங்கிக் கல்லைப் போட்டாள். தண்ணீர் சீறிக்கொண்டு நாலாபக்கமும் வழிந்தது. இருவரும் துள்ளி விலகினார்கள். இரண்டு ஜோடிச் செருப்பும் நனைந்தன.

ஒன்பது தடவை எழுதியதில் ஒரு வரிகூட ஷிப்ராவின் வாயில் வரவில்லை.

"எடுத்திருக்கக் கூடாதுக்கா. கேட்டா நீ குடுக்க மாட்டேன்னு பயந்துட்டேன்."

"குடுத்திருக்க மாட்டேன்தான்," என்றாள் பெனினா. அடுப்பைத் தணித்தாள். "அம்மா சமையலறையில அது இருந்த இடம் மட்டும் தரையில வெளுத்துக் கெடந்துச்சு. வீட்டை ஒழிச்சு முடிக்கற வரைக்கும் அதையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். எனக்குக் குண்டான் பெரிசில்லடி. நீ ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

"இப்ப எடுத்துக்கோக்கா. உனக்குத்தான் கொண்டுவந்தேன்."

"வேணாம். நீயே வெச்சுக்கோ."

தண்ணீரைக் கொட்டி, குண்டானைத் துடைத்து மேடையில் வைத்தார்கள். இரண்டு வருஷம் எனக்கு எனக்கு என்று நின்றவர்கள், உனக்கு உனக்கு என்று ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்து எதிராளி பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர்.

ஐம்பது வருஷமாக அந்தச் சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் ஹெர்ஷல் கிழவர் ஈரத்தைத் துடைக்கத் துணியோடு வந்தார். குண்டானைப் பார்த்து நின்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுத்தார்.

"ரெண்டு பேரும் கையை எடுங்க," என்றார். "ஒரு வாரத்துல தர்றேன்னு உங்கம்மா இங்கேருந்துதான் இதைத் தூக்கிட்டுப் போனா, நாப்பத்தாறு வருஷமா கேட்டுட்டிருந்தேன்."