பருந்துக்கு எந்தக் கட்சி?

"'செம்பருந்து'ன்னு பேரு வச்சிருக்கீங்களே சேட்டா, இது எந்தச் செவப்பு?" என்று வாசகசாலைச் செயலாளரும் ஆளுங்கட்சிக்காரருமான சஜி கேட்டதும் முத்துவேல் நாடகப் பிரதியை மூடிவைத்தார்.

கொச்சங்காடி வாசகசாலை ஆண்டு விழாவில் முதன்முதலாக அவர் நாடகம் மேடையேறப் போகிறது. பறந்து வந்து ஏழைகளைக் காப்பாற்றும் சூப்பர்ஹீரோ கதை. கார்ப்பரேஷன் வேலை முடிந்து வந்ததும், பேப்பர்கூடப் பார்க்காமல், மனைவி இசக்கிசெல்வி சொல்வதையும் காதில் வாங்காமல் எழுதியது. இது அரங்கேறாமல் போனால் மனுஷன் உடைந்தே போவார்.

"பருந்து செவப்பாத்தானே இருக்கும்?"

"இருக்கட்டும். எலெக்ஷன் வருதில்லே? எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் பிடிக்கறீங்கன்னு ஆளுக பறயும்."

சாயா குடித்து, இசக்கிசெல்வியிடம் குழாய்த் தண்ணீர்ப் பிரச்சினையை வெகுநேரம் பேசிவிட்டுத்தான் சஜி கிளம்பினார். தலைப்பு 'பச்சைப் பருந்து' ஆனது.

மறுநாள் அந்த எதிர்க்கட்சியின் பிரதீஷ் வந்து நின்றார். "செவப்ப வெட்டிப் பச்சையாக்கினது ஆரு? இதுக்குள்ள ஒரு குறியீடு உண்டு!" அவருக்கும் சாயா, அவருக்கும் இசக்கிசெல்வியிடம் தண்ணீர்ப் பேச்சு.

முத்துவேல் 'பறக்கும் மனிதன்' என்று மாற்றினார். நிறமே இல்லை, இனி யார் வாயைத் திறப்பார்கள்? மூன்றாவது கட்சியின் முகமது இஸ்மாயில் திறந்தார்.

"எங்க தலைவர் கட்சி விட்டுக் கட்சி பறந்ததத்தானே குத்தறீங்க?"

"ஐயோ இக்கா, உங்க தலைவர் யாருன்னே எனக்குத் தெரியாதே!"

"அது அதவிட மோசம்."

கடைசியில் 'நம்ம ஆள்' என்று வைத்தார். மூன்று பேரும் ஒன்றாகவே வந்துவிட்டார்கள். "யாரோட ஆள்?"

முத்துவேலுக்குக் கோபம் தலைக்கேறியது. தலைப்பே இல்லாமல் போஸ்டர் ஒட்டிவிட்டார். "பேரையே மறைக்கறான்னா உள்ள என்னமோ பெருசா இருக்கு" என்று மட்டாஞ்சேரி முழுக்கப் பேச்சு. சுள்ளிக்கல்லிலிருந்தெல்லாம் கூட்டம் வந்து நிற்க இடமில்லை.

நாடகம் ஜமாய்த்தது. கயிற்றில் தொங்கி வந்த வீரன் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டதும், பெண்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள். மூன்று கட்சிக்காரர்களும் முண்டியடித்துக்கொண்டு பொன்னாடை போர்த்தினார்கள். முத்துவேலுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் அங்கம்மாளின் சாயாக்கடையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"பாத்தியா அங்கம்மா, மூணு கட்சியும் என் வீட்டுக்கு நடையா நடந்துச்சு. எல்லாம் என்னை எலெக்ஷன்ல நிக்க வைக்கத்தான். எந்தக் கட்சில நிக்கட்டும், நீயே சொல்லு."

அங்கம்மாள் சாயாவை ஆற்றியபடியே சொன்னாள்: "உங்களையா? நம்ம வார்ட இந்தத் தடவை பொம்பளைகளுக்கு ஒதுக்கியாச்சாக்கும் அண்ணே. மூணு பேரும் நடந்தது உங்க வீட்டு மதினியத் தேடி. அவங்களோ மூணு கட்சியையும் வேண்டாம்னுட்டு, இப்பத்தான் சுயேச்சையா நாமினேஷன் குடுக்கப் போறாங்க!"