மூத்த மருமகனின் இயற்கை முகாம்

இந்த வருஷம் மண்வெட்டியைத் தொடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். ஆண்பிள்ளை முடிவு. மனைவி சுதாராணி கடைக்குப் போயிருந்தபோது எடுத்த முடிவு என்பதால், சத்தமாகவே எடுத்தேன்.

விஷயம் இதுதான். என் மாமனார் அய்யாத்துரைக்குக் கயத்தாறு போகிற வழியில் கரிசல் காடு இருக்கிறது. அதில் பருத்தி விளைகிறதோ இல்லையோ, சீமைக்கருவேல் பிரமாதமாக விளையும். ஒவ்வொரு ஆவணியிலும் விதைப்புக்கு முன்னால் அந்த முள்ளை வேரோடு தோண்டி எடுத்தாக வேண்டும். அந்த வீட்டில் ஒரு வழக்கம். மூத்த மருமகன் கை பட்டால்தான் காடு விளையுமாம். ஆகவே காலையில் கறிக்குழம்பு. கை கழுவிய ஈரம் காயுமுன் அதே கையில் மண்வெட்டி. போன வருஷம் இடுப்பு பிடித்து நாலு நாள் குப்புறக் கிடந்தேன். இன்னொரு தடவை போனால் என்னை நாலு பேர் தூக்கித்தான் வரவேண்டும்.

என் பெயர் சௌந்தரபாண்டியன். கோவில்பட்டியில் அறிவியல் வாத்தியார். பள்ளியின் இயற்கை மன்றத்துக்கும் நான்தான் பொறுப்பு. அதற்காக மூன்று நாள் பயிற்சிக்குப் போய் ஒரு தொப்பியும் விசிலும் வாங்கி வந்திருந்தேன். அந்தத் தொப்பிக்கு இப்போதுதான் வேலை வந்தது. மாமனார் குறித்த அதே ஞாயிற்றுக்கிழமை, கழுகுமலை அடிவாரத்தில் எட்டாம் வகுப்பு 'ஏ' பிரிவின் இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு ஒருநாள் முகாம் என்று அறிவித்தேன்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை எங்கப்பா வரச் சொல்லியிருக்காவ. ஞாபகம் இருக்குல்லா?" என்றாள் சுதா.

"அடடா! அன்னைக்குப் பாத்து முகாம் வந்து விழுந்திருக்கே!"

"வந்து விழுந்துச்சா, நீங்க இழுத்துப் போட்டீங்களா?"

"இயற்கையைக் காப்பாத்தாட்டா நாளைக்கு நாமளே இருக்க மாட்டோம் சுதா!"

"சரி சரி. அங்கன போயி என்ன சொல்லிக் குடுக்கப் போறீங்க?"

நிகழ்ச்சி நிரலை நீட்டினேன். சத்தமாகப் படித்தாள்.

"கயிற்றில் முடிச்சுகள் போடுதல். யாரு, நீங்களா? உங்க கைலி முடிச்சே தெருமுனை வரைக்கும் நிக்காது."

"அது வேற முடிச்சு."

"தீப்பெட்டி இல்லாமல் தீ மூட்டுதல். இந்த ஊர்லயா? பாதிப் பிள்ளைக வீட்ல தீப்பெட்டி ஒட்டித்தான் சோறு பொங்குதாவ!"

"காட்டுல மாட்டிக்கிட்டா என்ன செய்யும் அந்தப் பிள்ளை?"

"கோவில்பட்டிப் பிள்ளை எங்க மாட்டுனாலும் பையில தீப்பெட்டி கெடக்கும்."

கடைசி வரிக்கு வந்ததும் குரல் இறங்கியது. 'அயல்மரங்களை அகற்றுதல் – செயல்விளக்கம். ஆசிரியர் செய்து காட்டுவார், மாணவர் குறிப்பெடுப்பர்.' பக்கம் காலியாகக் கிடக்கிறதே என்று பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்து எழுதிச் சேர்த்த வரி அது. அதை இரண்டு தரம் படித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. பிள்ளைகளுக்குச் சாப்பாடு என் பொறுப்பு. நானும் வாரேன்" என்றாள்.

"உங்கப்பா காடு?"

"அதுக்கென்ன, பாத்துக்கிடலாம்."

பதினாலு வருஷக் குடித்தனத்தில் அவள் என்னிடம் இவ்வளவு சுருக்கமாக ஒத்துக்கொண்டதில்லை. அப்போதே எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். எனக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. கண்ணாடி முன் நின்று தொப்பியை நாலு கோணத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேன் கிளம்பியது. சுதா சோற்றுக் குண்டானோடும் கடம்பூர் போளிப் பொட்டலங்களோடும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் நேரத்தை வீணாக்காமல் பாடத்தை ஆரம்பித்தேன்.

"காலைச் சூரியன் முதுகுக்குப் பின்னால இருந்தா நாம எந்தத் திசையில போறோம்?"

"மேற்க சார்!"

"கழுகுமலை எங்க இருக்கு?"

"மேற்க சார்!"

ஐஸ்வர்யா என்கிற பிள்ளை கையைத் தூக்கியது. "சார், சூரியன் இடது பக்கம்லா இருக்கு?"

"இருக்கட்டும். அதனால?"

"அப்ப நாம தெக்க போறோம் சார்."

எல்லாரும் கைதட்டினார்கள். சன்னலுக்கு வெளியே பார்த்தேன். கயத்தாறு ரோடு!

"சுதா! வண்டி தப்பாப் போகுது!"

"தப்பால்லாம் போகல. கழுகுமலைக்கு அனுமதி கேட்டு எழுதுன கடிதாசிய நீங்க தபால்ல போடவே இல்ல. துவைக்கப் போட்ட சட்டையில கெடந்துச்சு. நீங்க குளிச்சிக்கிட்டிருந்தப்ப ஹெச்.எம். வீட்டுக்கு வந்தாவ. அவிய கையில குடுத்தேன். வாசிச்சுட்டு அவியளுக்கு வேர்த்துப் போச்சு."

"அய்யய்யோ!"

"பதறாதீங்க. எங்கப்பா காட்டுல வேப்பமர நிழல் இருக்கு, கிணத்துத் தண்ணி இருக்கு, அனுமதி கினுமதி ஒண்ணும் வேண்டாம்னு சொன்னேன். ஹெச்.எம். கையெடுத்துக் கும்பிட்டுட்டாவ."

காட்டு வரப்பில் மாமனார் நின்றார். பக்கத்தில் மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள். மூன்றும் தீட்டிப் பளபளவென்று இருந்தன.

"வாங்க மாப்ளே! நேத்துத்தான் மழை பெஞ்சுது. வேர் லேசா வரும்" என்றார்.

நான் பிடி கொடுக்கவில்லை. முடிச்சுப் பாடத்தை ஒரு மணி நேரம் இழுத்தேன். பிறகு கல்லோடு கல்லை உரசினேன். அரைமணி நேரம் உரசியதில் என் உள்ளங்கை மட்டும்தான் பற்றி எரிந்தது. ஐஸ்வர்யா பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து நீட்டியது. "எங்கம்மா ஒட்டுனது சார். நமத்தே போகாது." சுதா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"அயல்மரம் வேண்டாம் பிள்ளைகளா, பறவை பாப்போம்" என்றேன்.

"அதெப்படி? சீமைக்கருவேலும் அயல்மரந்தானே! ஹெச்.எம். அந்த வரிக்குத்தான் அடிக்கோடு போட்டிருக்காவ. சர்ச்சுல ஆராதனை, சாப்பாடெல்லாம் முடிச்சுட்டு நாலு மணிக்குப் பாக்க வாராவ" என்றாள் சுதா.

"அப்ப பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு கை..."

"பிள்ளைகளுக்கு முள்ளு குத்தும். ஆசிரியர் செய்து காட்டுவார்னு எழுதுனது யாரு?"

இருபத்தெட்டு நோட்டுகள் திறந்தன. இருபத்தெட்டுப் பென்சில்கள் தயாராயின. இனி ஓட முடியாது. தொப்பியைக் கழற்றிவிட்டு மண்வெட்டியை எடுத்தேன். ஈரக் கரிசல் செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு தர மறுத்தது. வெறுங்காலோடு முதல் வேரைப் பிடுங்கினேன்.

"சார், படம் வரையுறதுக்குள்ள எடுத்துட்டீங்களே. இன்னொண்ணு!"

இன்னொன்று எடுத்தேன்.

"பக்கவேர் சரியாத் தெரியல சார்."

மூன்றாவது. நல்ல மாணவர்களை உருவாக்கிவிட்டேன். ஒருத்தருக்குக்கூடச் சந்தேகம் தீரவில்லை. சாப்பாட்டுக்கு முன் பதினெட்டு. நாலு மணிக்குள் நாற்பத்தொன்று.

ஹெச்.எம். தேவஆசீர்வாதம் வந்து வேப்பமரத்தடியில் போளி தின்றுகொண்டே பார்த்தார். அவர் கண் கலங்கியது. "சௌந்தரபாண்டியன், முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு செயல்விளக்கம் நான் பாத்ததில்லை!"

"மூத்த மருமகன் கைராசி சார்" என்றார் மாமனார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து குப்புற விழுந்தேன். சுதா இடுப்பில் எண்ணெய் தேய்த்தாள். வலியில் உயிர் போனாலும் மனசுக்குள் ஒரு ஆறுதல் இருந்தது.

"எப்படியோ, இந்த வருஷத்துக்கு இதோட முடிஞ்சுதுல்லா?" என்றேன்.

"எங்க முடிஞ்சுது? காடு இன்னும் எவ்வளவு கெடக்கு! இன்னைக்கு வந்தது எட்டாம் வகுப்பு 'ஏ' பிரிவு மட்டுந்தானாம். மத்தப் பிள்ளைகளும் பாக்கணும், வாரம் ஒரு பிரிவாக் கூட்டிட்டுப் போகட்டும்னு ஹெச்.எம். சொல்லிட்டாவ."

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு 'எஃப்' பிரிவு வரைக்கும் உண்டு.