சாமித்தட்டில் சகலன்

பலெர்மோ, இத்தாலி
17.11.1996

அன்புள்ள சகலன் விக்னராஜாவுக்கு,

இங்கு நான், சந்திரமதி, மகன் சிந்துஜன் மூவரும் சுகம். நீரும் சறோஜாவும் சுகமாக இருப்பதை நீர் அனுப்பிய படத்திலேயே கண்டுகொண்டேன்.

இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் யாரோ ஒரு பிரபு அந்தக் காலத்தில் உலகமெல்லாம் இருந்து மரம் கொண்டுவந்து நட்ட தோட்டமாம், நீர் ரிக்கற் எடுத்துப் போய் இலை பழுத்துக் கொட்டுவதைப் பார்த்தீராம், அடுத்த வருடம் எங்களையும் கூட்டிப் போவீராம், விசாவுக்கு எங்கள் வதிவிட அனுமதியின், அதுதான் பெர்மெசோவின், பிரதி அனுப்பட்டாம். வேண்டாம். லிபெர்த்தா வீதியில் என் முதலாளி சிஞ்ஞோரா வீட்டு முற்றத்தில் தினமும் மூன்று பை இலை அள்ளுகிறவன் நான். நீர் இலைக்குக் காசு கட்டுகிறீர், எனக்கு இலைக்குச் சம்பளம் தருகிறார்கள்.

ஒளிப்பானேன், எரிச்சல்தான். அந்தப் படத்தைச் சந்திரமதி சாமித்தட்டில் வைத்திருக்கிறாள். காலையில் திருநீறு பூசிக் கும்பிட நிமிர்ந்தால் முருகனுக்குப் பக்கத்தில் நீர், சிவப்பு மரத்துக்குக் கீழை, நீளக் கோட்டோடை சிரிச்சுக்கொண்டு நிக்கிறீர். ஓரத்தில் சறோஜா. எனக்கு எப்பிடி இருக்கும், சொல்லும்!

பொறுக்கேலாமல் போன ஞாயிறு இவையளைக் கூட்டிக்கொண்டு இஞ்சத்தைப் பழைய மரத்தோட்டத்துக்குப் போனன். அங்கை ஒரு மரம், வீட்டளவு, விழுது விட்டு நிக்குது. சந்திரமதி "சாமி மரமப்பா!" எண்டு கைப்பையிலை இருந்த கற்பூரத்தை எடுத்து வேரடியிலை வைச்சுக் கொளுத்திப்போட்டாள். காவல்காரன் பதறியடிச்சு ஓடிவந்து ஒரு வாளி தண்ணியை ஊத்த, பாதி கற்பூரத்திலை, பாதி என்ரை ஒரேயொரு கோட்டிலை. சிந்துஜன் இஞ்சத்தைப் பெடியள் மாதிரிக் கையை ஆட்டி ஆட்டி இத்தாலியனிலை விளங்கப்படுத்தினான். மனுசன் இளகி, தானே கமராவை வாங்கி, மரம் முழுக்க விழவேணும் எண்டு பின்னாலை போனான், போனான், போய்க்கொண்டே இருந்தான். படம் கழுவி வந்திட்டுது. மரம் முழுசா இருக்கு. கீழை மூண்டு எறும்பு.

அதையும் இத்துடன் அனுப்புகிறேன். நனைந்த எறும்பு நான்.

ஆகவே உம்முடைய நாட்டு மரம் எங்களுக்குத் தேவையில்லை. பிரதி வராது. முருகன் உங்கள் இருவரையும் காக்கட்டும். சறோஜாவுக்கு எங்கள் அன்பு, உமக்கும் அதில் கொஞ்சம்.

இப்படிக்கு,
அருளையா

பி.கு.: கடிதத்தை ஒட்டமுன் சந்திரமதியிடம் கேட்டேன், "ஏனப்பா இந்தாளைக் கொண்டுபோய்ச் சாமித்தட்டிலை வைச்சனீ?" "அவரை ஆர் பாத்தது? என்ரை தங்கச்சியைக் கண்டு ஒன்பது வருசம்" என்று சொல்லிவிட்டு அழுதாள். பெர்மெசோப் பிரதி மூன்றும் உள்ளே இருக்கிறது. அங்கே படம் எடுக்கும்போது அக்காவும் தங்கச்சியும் நடுவில் நிற்கட்டும், நாங்கள் இருவரும் ஓரத்தில் நிற்போம். கோட்டை மட்டும் எனக்குக் கழற்றித் தாரும்.