கழுகுமுகனின் கடைசி வசனத்தைக் கவ்விய உறுமல்

வாழ்க அவன்! இடியைத் தொண்டையில் குடிவைத்தவன், கண்ணாடி அறைக்குள் நின்ற இடத்தில் நின்றபடியே கோள்களைக் காத்தவன், பல்லாண்டு ஓடிய கார்ட்டூன் தொடரில் அறுவர் படையின் தலைவனாகிய கழுகுமுகனுக்குக் குரல் ஈந்தவன், டப்பிங் உலகம் ‘கழுகண்ணன்’ என்றே அழைத்த பெருங்குரல் வேந்தன் வாழ்க! தொடரை முடித்துவைக்கும் திரைப்படத்தின் கடைசி வசனத்தைப் பேச அவ்வேந்தன் வந்த நாளில், அதுவரை யாரும் கண்டிராத பகைவன் ஒருவன் எழுந்தான். அவனுக்கு உருவமில்லை, ஊரில்லை. ‘கிர்ர்ர்’ என்ற ஒலி மட்டுமே இருந்தது.

காட்சி இதுதான். சூனியராணியின் இரும்புக்கோட்டை சரிந்துவிட்டது. புகை அடங்கிவிட்டது. இசையும் நின்றுவிட்டது. கழுகுமுகன் முதன்முறையாக முகமூடியைக் கழற்றி, தோழர் ஐவரையும் பார்த்து, மூச்சோடு மூச்சாக, “இனிமே வானத்த நீங்க பாத்துக்குங்க” என்கிறான். தொடர் முழுவதும் கத்தியே காலம் தள்ளிய வீரன் மெல்லப் பேசும் ஒரே இடம். அந்த ஒற்றை வரிக்காகக் கழுகண்ணன் வீட்டுக் குளியலறையில் எத்தனையோ முறை கண்கலங்கியிருந்தான். இன்று வரி வந்தது. வரிக்கு அடியில் ‘கிர்ர்ர்’ரும் வந்தது.

“அண்ணே, இன்னொரு டேக் போயிரலாம்” என்றாள் ஒலிப்பதிவுக்காரி. போனார்கள். கிர்ர்ர். மறுபடியும் போனார்கள். கிர்ர்ர்ர்.

அப்போது டைரக்டர் ஆணை பிறப்பித்தார்: “அஞ்சு மணிக்கு இந்த ரூம் சோப்பு விளம்பரக்காரங்களுக்குப் போயிடும். அதுக்குள்ள சுத்தமா வரலேன்னா, பழைய எபிசோடுல ‘எல்லாரும் பின்வாங்குங்க’ன்னு கத்துவீங்களே, அத வெட்டி ஒட்டிடுவேன். உதட்டசைவு கச்சிதமா உக்காருது, பாத்துட்டேன்.”

கேட்டீர்களா கொடுமையை! ஆயிரம் அரக்கரை முட்டித் தள்ளியவன் உலகுக்கு விட்டுச்செல்லும் இறுதிச் சொல் ‘பின்வாங்குங்க’ என்பதா? புறப்புண் பட்ட வேந்தர் நாணி வடக்கிருப்பதுபோல், கழுகண்ணன் கண்மூடி அசையாது நின்றான்.

பகைவனைத் தேடும் படலம் தொடங்கியது. இங்கே மைக்கின் இயல்பைச் சொல்லியாக வேண்டும். நம் காது தயவுள்ளது. ஓயாமல் கேட்கும் ஒலியைத் தானே ஒதுக்கிவிடும். மைக்குக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. எதிரே இருப்பதையெல்லாம் அள்ளிக்கொள்ளும். ஆகவே முதல் பலி ஏசி. அணைத்தார்கள். அறை இன்னும் அமைதியானதும், உறுமல் இன்னும் தெளிவாயிற்று. நாற்காலி வெளியேற்றப்பட்டது. குழல்விளக்கு அணைந்தது. பக்கத்து அறை ஃப்ரிட்ஜ் மாண்டது, கூடவே யாரோ வைத்திருந்த பாலும். லிஃப்டை நிறுத்தினார்கள்; கட்டடத்தார் படியேறிச் சபித்தார்கள். அடுத்து வீரனின் அணிகலன்கள் களையப்பட்டன: கைக்கடிகாரம், சாவிக்கொத்து, பெல்ட், ஷூ, இறுதியாகக் கஞ்சி மொடமொடக்கும் சட்டை. பனியனோடு நின்ற பெருமானிடமிருந்து, சேனை பின்வர எழும் முரசுபோல் ‘குர்ர்ர்ர்ர்’ என்று வந்தது. தேடத் தேடப் பகைவன் வளர்ந்தான்.

சூனியராணிக்குக் குரல் கொடுத்த அம்மணி, தன் சாவுக்குரிய அலறலைக் காலையிலேயே முடித்துவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணே, ஒரு பழம் சாப்பிடுங்க. மூஞ்சி வாடிப்போச்சு.”

“மைக் முன்னாடி நிக்கிற நாள்ல இந்த வயித்துக்குள்ள பச்சத்தண்ணி தவிர எதுவும் எறங்காது!” என்று முழங்கினான் கழுகண்ணன். “முதல் எபிசோடுல ஏப்பம் வந்து எல்லாரும் சிரிச்சீங்கல்ல? அன்னிக்கு எடுத்த சபதம்!”

“சிரிச்சது நாந்தான். அதுக்கு இத்தன வருஷமா பட்டினியா?”

ஒலிப்பதிவுக்காரி இருவரையும் பார்த்தாள். பிறகு கழுகண்ணனை வெளியே அனுப்பிவிட்டு வெறும் அறையைப் பதிந்தாள். சுத்தம். சூனியராணியை அதே இடத்தில் நிறுத்திப் பதிந்தாள். சுத்தம். கழுகண்ணனை உள்ளே அழைத்து, “பேசாதீங்க, சும்மா நில்லுங்க” என்றபடி மைக்கை வாயிலிருந்து மார்புக்கு இறக்கினாள்; மார்பிலிருந்து வயிற்றுக்கு இறக்கினாள். ஒலிமானி சிவப்பைத் தொட்டது.

காலி வயிறு சும்மா இராது. உள்ளே மிஞ்சிய காற்றையும் நீரையும் பிசைந்து பிசைந்து தள்ளும். அந்த இரைச்சலே பகைவன். உள்ளே சோறு இருந்தால் அதுவே பஞ்சுமெத்தையாகி ஒலியை அமுக்கிவிடும். ஆனால் இத்தனை காலம் இது யாருக்கும் கேட்கவில்லையே, ஏன்? ஒலிப்பதிவுக்காரி பழைய போர்க்காட்சி ஒன்றை எடுத்து, வெடிச்சத்தத்தை மட்டும் அணைத்து, குரலை ஓட்டினாள். “தாக்குங்க!” கிர்ர்ர். “இடது பக்கம்!” குர்ர்ர். ஒவ்வொரு வசனத்துக்கும் அடியில் ஏதாவது ஒன்று வெடித்துக்கொண்டே இருந்ததால் பகைவன் அங்கே நிம்மதியாக ஒளிந்து வாழ்ந்திருக்கிறான்.

“அப்ப, தொடர்ல வர்ற பறக்குற ரதத்தோட உறுமல் பிரமாதம்னு பசங்கல்லாம் சொன்னாங்களே...” என்றார் டைரக்டர்.

“பாதி அண்ணனோடதுதான் சார்.”

கதவுக்கு வெளியே சோப்பு விளம்பரப் படையின் காலடி கேட்டது. கழுகண்ணனின் நெஞ்சில் இரு பெருஞ்சேனைகள் மோதின. ஒருபுறம் மலையினும் மாணப் பெரிய சபதம். மறுபுறம் வானத்தைத் தோழரிடம் ஒப்படைக்கும் அந்த ஒரு வரி. சபதத்தைக் காத்தால் ‘பின்வாங்குங்க’. சபதத்தை முறித்தால் ஏப்பமோ என்னவோ! வியர்வை பனியனை நனைக்க, வயிறு போர்ப்பறை அறைய, பெருமான் பழத்தையும் மைக்கையும் மாறி மாறி நோக்கினான்.

“பிடிங்கண்ணே” என்று உரித்துக் கொடுத்தாள் சூனியராணி. “ஏப்பம் வந்தா எம்மேல போட்டுருங்க. ராணி செத்தும் ஏப்பம் விட்டான்னு வெச்சுக்கட்டும்.”

கழுகண்ணன் ரெண்டு வாழைப்பழம் சாப்பிட்டார், சத்தம் நின்றது, அடுத்த டேக் ஓகே ஆயிற்று.