ஸ்டேப்ளர் அடித்த கடைசி அத்தியாயம்

அன்புள்ள மைத்துனருக்கு,

உங்கள் அக்காள் புருஷன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. அங்கே நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவர் பிழைப்பைக் கெடுத்தவர்களுக்குத் தலைவலிகூட வருவதில்லை.

போன வாரம் விருந்துக்கு வந்தீர்கள். சாப்பாடு தயாராகும்வரை சும்மா உட்காரக்கூடாதா? அலமாரியில் இருந்த கொலைக்கதையை எடுத்து, கடைசி அத்தியாயத்துக்கு நான் அடித்திருந்த ஸ்டேப்ளர் பின்களை நகத்தால் நெம்பி, முதல் கவளத்தை விழுங்குமுன்னே "அத்தான், கொன்னது அந்த டாக்டர்தான்!" என்று பரிசு வாங்கினவர் மாதிரி சொன்னீர்கள்.

அந்தப் பின் எதற்கென்று கேட்டீர்களா? நான் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்கும் உங்கள் அக்காளுக்கும் பேச விஷயமே இல்லாமல் போயிற்று. இந்தக் கதைகள்தான் காப்பாற்றின. ஒரு பெரிய வீடு, வெளியே அடைமழை, உள்ளே ஒரு பிணம், மிச்சமிருக்கிற எல்லார் வாயிலும் பொய். காலையில் நான் ஓர் அத்தியாயம், மத்தியானம் அவள் அதே அத்தியாயம். யாரும் முந்திக்கொள்ளாதிருக்க முடிவுக்கு ஸ்டேப்ளர் பின். ராத்திரி சாப்பாட்டில் சண்டை. "சமையல்காரிதாங்க, அவ முழியே சரியில்ல" என்பாள். "முழியை வெச்சு ஆளைத் தூக்குல போடுவியா? தம்பிக்காரன்தான், சொத்து அவனுக்குத்தானே!" என்பேன். கல்யாணமானதிலிருந்து நாங்கள் அவ்வளவு பேசியதில்லை, ஐயா. இப்போது? "உப்பு போதுமா?" "போதும்." தீர்ந்தது. கதையில் செத்தவனுக்காவது துப்புத் துலக்க ஓர் ஆள் வந்தான். நம்ம வீட்டுல செத்துப்போன பேச்சுக்கு யாரு வருவா? உங்களைச் சொல்லி என்ன, உள்ளே விட்ட என்னைச் சொல்லணும். இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதீங்க.

தங்கள் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உங்களுக்குக் கிடையாது.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: உங்கள் அக்காள் இதை வாங்கிப் படித்துவிட்டாள். "என் தம்பியை ஏங்க கரிச்சுக் கொட்டுறீங்க? டாக்டர்னு எனக்கு மொதல்லயே தெரியும்" என்கிறாள். படித்த புத்தகங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் நான் அடித்த ஸ்டேப்ளர் துளைகளுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடித் துளை. பிரித்துப் படித்துவிட்டுத் திரும்ப அடித்திருக்கிறாள், ராட்சசி! "அப்புறம் எதுக்குடி சமையல்காரின்னு மல்லுக்கு நின்னே?" என்றேன். "டாக்டர்னு சொல்லியிருந்தா அன்னிக்கே பேச்சு முடிஞ்சிருக்கும். தம்பி சொன்னப்புறமும் நான் சமையல்காரின்னுதான் சொல்லிப் பாத்தேன். நீங்கதான் தட்டைத் தள்ளிட்டு எழுந்து போனீங்க" என்றாள்.

வரும்போது ஒரு கொலைக்கதை வாங்கி வாருங்கள். முடிவை வாசலிலேயே என் காதில் சொல்லிவிடுங்கள். இந்தத் தடவை தெரியாத மாதிரி நடிப்பது என் முறை.