பேரிடரா, ரயிலா?

பயம் வந்தால் மனிதன் கடவுளைக் கூப்பிடுவான் என்பார்கள். நான் மேனேஜரைக் கூப்பிட்டவன்.

அப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனக் கம்பெனியில் இருந்தேன். டைம் ஆபீஸில் வருகைப்பதிவு பார்க்கும் வேலை. நிரந்தரமாக இன்னும் இரண்டே வாரம். ஆகாவிட்டால் பழவேற்காட்டில் வாப்பாவின் கருவாட்டு மண்டி எனக்காகக் காத்திருந்தது. (கருவாட்டின் மேல் கோபமில்லை. அது சோற்றோடு மட்டும் வரவேண்டும், அவ்வளவுதான்.)

கம்பெனிச் சங்கு பழுதாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. புதிது வரும்வரை என் மூளைதான் ஊதியது. சங்கொலியைக் கணினியில் ஏற்றி, அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வயர் இழுத்து, வளாகத்தின் நான்கு மூலைக் குழாய் ஸ்பீக்கரிலும் அலறவிட்டேன். மேனேஜர் வரதராஜன் சார் தோளில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தோளுக்கு இரண்டு நாள் சோப்பே போடவில்லை.

அதே கணினியில், சாப்பாட்டு இடைவேளையில், நான் ஒரு நகரத்துக்கு மேயராகவும் இருந்தேன். துபாயிலிருந்த மாமா மகன் அன்வர் கொடுத்த நகரம் கட்டும் விளையாட்டு அது. விடுமுறைக்கு வருவதற்கு முன் போன் செய்தான்.

“உன் கேமுக்கு மூணு எக்ஸ்பான்ஷன், அதான் கூடுதல் பாகம், வந்துக்கீதுடா. ரயிலு, ஆர்பரு, பேரிடரு. ஒண்ணுதான் வாங்கியாருவேன். எதுன்னு நாளைக்கு சொல்லிடு.”

மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பவன்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டான். ஒரு கணினிப் பத்திரிகையோடு வந்த இலவச சி.டி.யில் மூன்றுக்கும் கால்மணி நேர மாதிரி இருந்தது. ரயிலைப் பார்த்தேன். தினமும் பொன்னேரியில் ரயிலுக்காகத் தவம் கிடப்பவனுக்கு இங்கேயுமா என்று தோன்றியது. துறைமுகம் கருவாட்டை நினைவூட்டியது. மீதி பேரிடர்தான்.

மறுநாள் மதியச் சங்கை ஊதிவிட்டு, டிபன் பாக்ஸைக்கூடத் திறக்காமல் பேரிடரைத் திறந்தேன். நிலநடுக்கமா, தீயா என்று கேட்டது. பெருந்தன்மையாக இரண்டையும் அழுத்தினேன்.

வெளியே சங்கு அலறியது.

எங்கள் கம்பெனியில் சங்கு நேரம் தவறி ஊதினால் ஒரே அர்த்தம்: பின்கட்டு ஆசிட் டாங்க் கசிகிறது. கூரைமேல் பறந்து காற்றின் திசை காட்டும் காற்றுப்பையைப் பார்த்து, காற்றுக்குக் குறுக்கே ஓடி, கேட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் கூடவேண்டும். எனக்குக் காற்றுப்பையும் தெரியவில்லை, காற்றும் தெரியவில்லை. வாசலிலேயே உறைந்து நின்றேன்.

“இன்னா நைனா பார்த்துக்கினு நிக்கிற? ஓடு!” என்று வாட்ச்மேன் முனிரத்தினம் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

ஓடினேன். பின்னால் ‘டமார்’ என்று வெடித்தது. ஜனங்கள் கதறும் சத்தம் கேட்டது. கேன்டீனிலிருந்து சாம்பார் கையோடு ஆட்கள் பாய்ந்து வந்தார்கள். உம்மாவின் முகம் கண்முன் வந்தது. இன்றோடு முடிந்தது என்றே நிச்சயமாக நம்பினேன்.

மரத்தடியில் வரதராஜன் சார் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“சார், மன்னிச்சிடுங்க சார்! எங்க மாமா மவுத்துன்னு ரெண்டு வாட்டி லீவு போட்டேன். அவரு நல்லாக்கீறாரு சார்!”

“என்னடா உளர்றே?”

“ஆபீஸ் கம்ப்யூட்டர்ல கேம் ஆடினேன் சார். அதுல உங்க பேர்ல ஒரு ஊடு கட்டி, பக்கத்துல குப்பைக் கிடங்கு வெச்சேன். வேணும்னுதான் சார் வெச்சேன்!”

அவர் பதில் சொல்லுமுன் ஸ்பீக்கரில் கதறல் நின்றது. கைதட்டல் கேட்டது. தொடர்ந்து உற்சாகமாகப் பேண்டு வாத்தியம் முழங்கியது.

சார் ஸ்பீக்கரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நம்ம சங்கு பேண்டு வாசிக்குமாடா?”

அப்போதுதான் உறைத்தது. சங்கு, வெடி, கதறல், பேண்டு எல்லாமே விளையாட்டின் சத்தம்; கணினியின் சத்தமெல்லாம் ஆம்ப்ளிஃபயருக்குப் போய்விடும். தினமும் சங்கு ஊதியதும் அதை அணைத்துவிடுவேன். அதனால் ஒரு மாதமாக ஊமை விளையாட்டுத்தான் ஆடியிருந்தேன், அதற்குச் சத்தம் உண்டென்றே தெரியாது. அன்று பேரிடர் ஆசையில் அணைக்க மறந்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் சத்தத்துக்கு மட்டும் திட்டு வாங்கியிருப்பேன். மாமாவையும் குப்பைக் கிடங்கையும் நானே கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன்.

மாலைவரை சார் அறைக்கு வெளியே நின்றேன். கருவாட்டு வாசம் மூக்கிலேயே அடித்தது. கடைசியில் கூப்பிட்டார்.

“சொல்லிட்டு நடத்தின டிரில்லுக்கெல்லாம் டீ குடிச்சிண்டே இருபது நிமிஷம் கழிச்சு வருவான்கள். இன்னிக்கு நாலே நிமிஷம். அதனால பொழைச்சே. ஆனா பர்மனன்ட் ஆறு மாசம் தள்ளிப் போறது. அந்தக் குப்பைக் கிடங்கை எடுத்துடு.”

அன்வரிடம் ரயில் போதுமென்று சொல்லிவிட்டேன்.

என் கல்யாணத்துக்கு வரதராஜன் சார் வந்தார். வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தவரை, “நீங்க பையனுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார். “தாய்மாமன்” என்றார் மாமா. சார் அவர் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, “ரெண்டு தடவையும் வரமுடியலை, மன்னிக்கணும்” என்றார்.

பிறகு விவரத்தையும் சொல்லிவிட்டார். மாமாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. இன்றைக்கும் போனை எடுத்தால் சலாமுக்கு அடுத்து அவர் சொல்வது இதுதான்:

“உசுரோடதான்டா கீறேன். லீவு கீவு போட்டுடாதே.”