மதகுப் பெட்டியில் இடமில்லை

ஒரு காட்டில் ஒரு கரடி தலைவராக இருந்தது. சிங்கம் எங்கே என்று கேட்க வேண்டாம். நம் பக்கத்துக் காடுகளில் சிங்கம் கிடையாது. கதை சொல்கிறவர்கள் சும்மா சேர்த்துக்கொள்கிறார்கள்.

அந்தக் காட்டில் ஓர் ஏரி. ஏரிக்கு ஒரு மதகு. மதகின் மேலே ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி. செருப்பு டப்பா அளவுதான் இருக்கும். அதற்கு வேலையும் பெரிதாக ஒன்றுமில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீர் மட்டத்தைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். மட்டம் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் மதகைத் திறக்க வேண்டும். பெட்டிக்குள் இருந்த நினைவகம் ஒரு கல்யாண வீடியோவுக்குக் காணாது. ஆனால் தண்ணீர் மட்டம் எழுத நூறு வருஷத்துக்குப் போதும்.

மூன்றே மாதத்தில் நிரம்பிவிட்டது.

பெட்டியைப் பார்த்துக்கொண்டது சடையன் என்ற முள்ளம்பன்றி. அவன் வளை ஏரிக்கரைக்கு நேர் கீழே. உள்ளே மனைவி பொம்மியும், பிறந்து நாலு நாளான இரண்டு குட்டிகளும். மதகு திறக்காமல் ஏரி வழிந்தால் முதலில் போவது அந்த வளைதான்.

ஐப்பசி மழை மூன்று நாளாக விடவில்லை. காலையில் சடையன் பெட்டியைத் தட்டிப் பார்த்தான். ‘இடம் நூற்றுக்கு நூறு நிரம்பியது. எழுத முடியவில்லை’ என்றது திரை.

எழுத முடியாவிட்டால் என்ன, திறந்து தொலைக்கலாமே என்பீர்கள். அந்தக் காட்டில் அப்படிக் கிடையாது. முதலில் எழுத வேண்டும், பிறகுதான் செய்ய வேண்டும். எழுதாத வேலை நடக்காத வேலை என்பது கரடியின் உத்தரவு. பெட்டிக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

எது இடத்தைத் தின்கிறது என்று சடையன் தேடினான். தண்ணீர் மட்டப் பதிவு, நூற்றில் ஒன்று. மதகைத் திறக்கும் நிரல், நூற்றில் இரண்டு. ‘இட ஆய்வு’ என்று ஒரு கோப்புறை, நூற்றில் தொண்ணூற்றேழு.

திறந்தான். உள்ளே முழுக்க நாரை.

நாரைதான் இட ஆய்வாளர். பெட்டியில் இடம் வீணாகிறதா என்று பார்க்கக் கரடி போட்ட அதிகாரி. மணிக்கு ஒரு தடவை வரும். எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்கும். பார்த்ததற்கு ஆதாரமாகப் பெட்டியோடு நின்று போட்டோ எடுக்கும். தேதி, நேரம் எல்லாம் போட்டு அதே பெட்டியில் சேமித்துவிட்டுப் போகும்.

சடையன் அழிக்கப் போனான். ‘அனுமதி இல்லை. ஆய்வாளரைக் கேட்கவும்.’

ஓடினான். நாரை ஏரியோரம் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது.

“சார், உங்க போட்டோதான் பெட்டியை அடைச்சிருக்கு. பாதியையாவது அழிச்சுக் குடுங்க.”

“யோவ், அது போட்டோ இல்ல, ஆதாரம். நாளைக்கு ஆடிட்டுக்கு வந்தவன், ஐப்பசி ரெண்டாந்தேதி பதினோரு மணிக்கு இடம் பாத்தியான்னு கேட்டா உன் முதுகையா காட்டுறது?”

“ஒரே மணிக்கு எடுத்தது மூணு கிடக்கே சார்?”

“ரெண்டுல கண்ணு மூடியிருக்கும். கண்ண மூடிக்கிட்டு ஆய்வு பண்ணேன்னு எவனும் சொல்லக் கூடாதில்ல? அதான் மூணாவதும் எடுத்தேன்.”

“அப்ப மூடினதை அழிக்கலாமே.”

“அழிச்சா, எதை மறைச்சேன்னு கேப்பான்.”

சடையனுக்கு முள் சிலிர்த்தது. அடக்கிக்கொண்டான். “தண்ணி சிவப்புக் கோட்டைத் தொட்டாச்சு சார். எம் புள்ளைங்க கீழ இருக்குதுங்க.”

“கஷ்டமாத்தான்யா இருக்கு. ஒரு அழிப்பு மனு போடு. பெட்டியிலயே போடணும்.”

திரும்பி ஓடி மனுவை அடித்தான். ‘இடம் இல்லை’ என்றது பெட்டி.

கரடியின் குகைக்கு ஓடினான். கரடி தேனடையை நக்கிக்கொண்டே கேட்டது.

“இடம் இல்லியா? ஏன் இல்ல?”

“ஆய்வு பண்ணிப் பண்ணி நிரம்பிப்போச்சுங்க ஐயா.”

“இவ்வளவு ஆய்வு பண்ணியும் நிரம்பிடுச்சா! அப்ப ஆய்வு பத்தலை. நாரையை மணிக்கு ரெண்டு தடவை பாக்கச் சொல்லு.”

சடையன் கரைக்கு வந்து சேர்ந்தபோது பொம்மி மழையில் நின்றிருந்தாள்.

“என்ன சொன்னாங்க?”

“மணிக்கு ரெண்டு தடவை பாப்பாங்களாம்.”

“ரொம்பச் சந்தோசம். நாம முங்குறதை ரெண்டு பக்கமும் நின்னு படம் புடிப்பாங்க. முந்தி கையால சுத்துற சக்கரம் ஒண்ணு இருந்துச்சே, அது எங்க?”

மதகின் பின்னால் இருந்தது. பெட்டி வந்த அன்றே, யாரும் தொடக் கூடாது என்று அதைக் கொடியால் கட்டிவைத்திருந்தார்கள். பொம்மி கொடியைக் கடித்துத் துப்பினாள். இருவரும் தோள் கொடுத்துத் திருகினார்கள்.

“தள்ளி நில்லுய்யா, குத்துது.”

“நீ மட்டும் என்ன பஞ்சா?”

திட்டிக்கொண்டே அரை மணி நேரம் திருகியதில் மதகுப் பலகை மேலே வந்தது. தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது. ஏரி இறங்கியது. வளையில் ஒரு சொட்டு ஏறவில்லை.

ஒழுங்கான கதையாக இருந்தால் இங்கே ஒரு மாலை போட்டு முடித்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் சடையனுக்கு அழைப்பு வந்தது. பொம்மியும் கூடப் போனாள். குகையில் கரடி உட்கார்ந்திருக்க, நாரை வாசித்தது.

“மதகு திறந்ததாகப் பதிவு இல்லை. ஆகவே திறக்கவில்லை. மழை பெய்தது உண்மை, தலைவரே நனைந்திருக்கிறார். ஆகவே ஏரி வழிந்து, கரைக்குக் கீழே உள்ள வளை மூழ்கிவிட்டது.”

“மூழ்கலைங்க! நேத்துகூட அதுலதான் படுத்தேன்” என்றான் சடையன்.

கரடி பதறிவிட்டது. “மூழ்கின வளையிலயா படுத்த? பச்சைப் புள்ளைங்களையும் வச்சுக்கிட்டா? அறிவிருக்காய்யா உனக்கு?”

“வந்து பாருங்க ஐயா. காஞ்சு கிடக்கு.”

“பாத்தா எழுதணும்” என்றது நாரை. “எழுத இடம் எங்க இருக்கு?”

உத்தரவு போட்டார்கள். மூழ்கிய வளையில் குடியிருப்பது ஆபத்து. சடையன் குடும்பம் காட்டின் மறுகோடிப் பாறைக்குப் போக வேண்டும்.

“வெள்ளத்துல போனவங்களுக்குப் பாய், போர்வை குடுப்பாங்களே, அதையாவது குடுங்க” என்றாள் பொம்மி.

“குடுக்கலாமே. நனைஞ்ச சாமான் ஏதாவது காட்டும்மா.”

ஒன்றும் நனையவில்லை. குட்டிகளை இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஆதாரப் போட்டோக்களை அச்சடித்து அடுக்க ஈரமில்லாத இடம் வேண்டும் என்று நாரை அன்றே கேட்டது. சடையன் வளை கிடைத்தது.

நீதி: வெள்ளம் வந்தால் பேசாமல் நனைக. காய்ந்த வீட்டுக்கு எந்த அலுவலகத்திலும் படிவம் கிடையாது.